நான்காவது பெட்டியின் சூடு

கருக்களாச்சேரி அஞ்சுகத்துக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை என்றால் சோறு இறங்காது. அந்த மீனவ ஊரின் கரையில் ஏலம் எடுத்து வெளியூருக்கு மீன் அனுப்பும் பெண்கள் பதினைந்து பேர் இருந்தார்கள். சங்கரா மீன் திடீரென்று குறைந்துபோனால் மற்றவர்கள் கடலைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அஞ்சுகம் மட்டும் படகு படகாகப் போய், எவ்வளவு ஆழத்தில் வலை விட்டீர்கள், தண்ணீர் கலங்கலா தெளிவா, காற்று எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு நிற்பாள். "இவகிட்ட மீன வித்தா பரீட்ச வேற எழுதணும்" என்று கரையில் கேலி பேசுவார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள், வயது நாற்பத்தாறு. கேலியைக் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள்.

2008ஆம் வருஷம் ஆனி மாதம் அவள் சோற்றைக் கெடுத்தது அவளுடைய சொந்தப் பெட்டி ஒன்று.

தினமும் நான்கு தெர்மாகோல் பெட்டிகளில் ஐஸ் போட்டுக் கும்பகோணம் மார்க்கெட்டுக்கு மீன் அனுப்புவாள். அங்கே சுந்தரமூர்த்தி என்பவர் வாங்கி விற்பார். சாயங்காலம் ஐந்தரைக்கு அவர் போன் வரும். முதல் மூன்று பெட்டியும் நன்றாக இருக்கிறது என்பார். பிறகு குரல் இறங்கும்.

"நாலாவது பெட்டிதாம்மா... வஞ்சிரம் நைஞ்சு வந்திருக்கு. அமுக்குனா விரல் உள்ள போவுது."

நான்காவது பெட்டியில்தான் அவள் நல்ல மீனை வைப்பாள். வஞ்சிரம், கொடுவா. அது எப்படி அது மட்டும் கெடும்? பெட்டியை மாற்றினாள். ஐஸ் வாங்கும் இடத்தை மாற்றினாள். மூடியைச் சுற்றி இரண்டு தடவை டேப் ஒட்டினாள். எதற்கும் மசியவில்லை. கடைசியில் மிஞ்சியது ஒரு ஆள்தான்: செல்லையன்.

குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் சின்ன லோடு வண்டியை ஓட்டுகிறவன் அவன். திருநள்ளாற்றுக்காரன். கரையிலிருக்கும் ஆறேழு பேருடைய பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு மத்தியானம் இரண்டு மணிக்குக் கிளம்புவான். வழியில் நிறுத்தி மூடியைத் திறந்து நல்ல மீனை எடுத்துவிட்டு நொந்த மீனை வைக்கிறான் என்று அஞ்சுகத்தின் மனசில் விழுந்துவிட்டது. ஒரு நாள் அடக்கமாட்டாமல் கரையில் அத்தனை பேர் முன்னாலும் கேட்டேவிட்டாள்.

"எம்மீனு உனக்கு இனிக்கிதா? எத்தன நாளா இப்புடி மாத்துற?"

கயிறு கட்டிக்கொண்டிருந்த செல்லையன் திரும்பிப் பார்த்தான். "ஒங்க மூடிய நான் தொட்டதே இல்லக்கா" என்றான். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் பெட்டியை ஏற்றினான், இறக்கினான். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் அஞ்சுகம் டவுன் பக்கம், கோவில்பத்தில் சில வீடுகளுக்குக் கையாலேயே மீன் கொண்டுபோய்க் கொடுப்பாள். அதில் ஒன்று ஷர்லோத் அம்மாள் வீடு. ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் அது; கணவர் அவர்களுடைய ராணுவத்தில் வேலை பார்த்து இறந்துபோனவர். அவருடைய பென்ஷனில் தனியாக இருக்கும் எழுபது வயது மனுஷி. ஊரில் எல்லோருக்கும் மதாம். ஒரு வெள்ளிக்கிழமை மீனைக் கழுவி டப்பாவில் போட்டு உள்ளே வைக்க ஃபிரிட்ஜைத் திறந்த அஞ்சுகம் டப்பாவோடு பின்னால் நகர்ந்தாள்.

"மதாம்! ஒங்க ஃபிரிட்ஜுக்குள்ள என்னமோ கண்ண சிமிட்டுது!"

மருந்து வைக்கும் தட்டில், தீப்பெட்டி அளவில் ஒரு பச்சைப் பலகை உட்கார்ந்திருந்தது. அதன் முதுகில் பட்டன் போல ஒரு பேட்டரி. ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு வால். நடுவில் சின்னதாகச் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்து அணைந்தது.

"அது என் மகளோட வேல" என்றார் ஷர்லோத். "என் இன்சுலின் சூடாவுதான்னு அவ பாக்கணுமாம். இங்க கரன்ட் போனா அங்க பிரான்சுல, துலூஸ்ல அவளுக்குத் தெரியணுமாம். என் ஃபிரிட்ஜுக்கு வந்த யோகத்தப் பாத்தியா?"

மகள் தெல்ஃபின் ஹாலிலிருந்து வந்தாள். முப்பத்தெட்டு வயது. பிரான்சில் இந்த மாதிரிக் குட்டிப் போர்டுகளைச் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். ஒரு மாத லீவில் வந்திருந்தாள். தமிழ் நன்றாகவே பேசுவாள். கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பேசுவாள்.

"பயப்படாதீங்கக்கா. இது எவ்வளவு சில்லுன்னு இருக்குன்னு பாத்து, ஹால்ல கம்ப்யூட்டர்கிட்ட இருக்கிற இன்னொரு போர்டுக்குச் சொல்லும். அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவ."

"ஒயரு எங்க?"

"ஒயர் இல்ல. ரேடியோ மாதிரி."

"கதவு மூடியிருக்கே தெல்பினம்மா, வெளிய எப்புடி வரும்?"

தெல்ஃபின் சிரித்தாள். "நல்ல கேள்வி. கதவோரத்துல ரப்பர் இருக்கு பாருங்க, அது வழியா கசிஞ்சு வந்துடும்."

அஞ்சுகம் ரப்பரைத் தடவிப் பார்த்தாள். பிறகு ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துவிட்டு ஹாலுக்கு ஓடினாள். கம்ப்யூட்டர் திரையில் நான்கு என்றிருந்த எண் ஐந்தானது, ஏழானது. ஓடிப்போய் மூடினாள். திரும்பி வந்து பார்த்தாள். மெல்ல இறங்கியது. மறுபடி ஓடப் போனவளை ஷர்லோத் தடுத்தார்.

"என் மருந்த வச்சு வெளையாடாத."

அஞ்சுகம் திரையைப் பார்த்தபடியே நின்றாள். "கதவத் தொறந்தது அதுக்குத் தெரிஞ்சுபோச்சே" என்றாள் மெதுவாக. "அப்ப, மூடியத் தொறந்தாலும் தெரியுமா?"

நான்காவது பெட்டியின் கதை முழுவதையும் கேட்ட தெல்ஃபினுக்கு முகம் மலர்ந்தது. வந்த நாளிலிருந்து அம்மாவின் பென்ஷன் பேப்பர்களோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்துகொண்டிருந்தவள் அவள். "ஆறு போர்டு கொண்டுவந்தேன்க்கா. நாலு சும்மாத்தான் கெடக்கு" என்றாள்.

மறுநாளே ஒரு பெட்டியில் ஐஸும் மீனும் போட்டு அந்த வீட்டுப் பின்கட்டில் வைத்துப் பார்த்தார்கள். போர்டைத் தண்ணீர் புகாத சின்ன டப்பாவில் அடைத்து நடுவில் புதைத்தாள் தெல்ஃபின். மூடியைப் போட்டதும் திரையில் எண் நின்றுபோனது. பேட்டரியை மாற்றினாள், நின்றது நின்றதுதான். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு புரோகிராமைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அஞ்சுகம் பெட்டிக்குள் கையை விட்டு டப்பாவை மேலே கொண்டுவந்தாள். எண் வந்தது. மீனுக்கு அடியில் அழுத்தினாள். போனது. மேலே. வந்தது.

"பேட்டரி நல்லாத்தாம்மா இருக்கு. இதுக்குத் தண்ணி ஆவாது. அடியில போனா தொண்ட அடைச்சுக்குது."

தெல்ஃபின் நிமிர்ந்து பார்த்தாள். "ஆமாக்கா! ரேடியோ அலைய தண்ணி குடிச்சிடும். உருகுன ஐஸ் தண்ணி, மீனுக்குள்ளயும் தண்ணி. நான் யோசிக்கவே இல்ல."

"அப்ப அது வெளிய ஒக்காரட்டும். மூக்க மட்டும் உள்ள விடுவோம்."

அப்படியே செய்தார்கள். சூடு பார்க்கும் முனையை ஒரு மெல்லிய ஒயரில் நீட்டி, மூடியோரம் துளைவிட்டு உள்ளே இறக்கி, ஒரு மீனின் செவுளுக்குள் செருகினார்கள். போர்டு பெட்டியின் பக்கவாட்டில் பழுப்பு டேப்புக்கு அடியில் ஒளிந்துகொண்டது. கரையில் எந்தப் பெட்டிதான் டேப் ஒட்டாமல் இருக்கிறது? யாருக்கும் தெரியாது.

"கும்பகோணம் போற வரைக்கும் இங்க கேக்குமா?"

"இந்தத் தெருமுனை வரைக்கும் கேட்டாலே பெருசு" என்றாள் தெல்ஃபின். "அதனால, பாத்தத எல்லாம் ஞாபகத்துல வச்சுக்கச் சொல்றேன். மீன் எவ்வளவு சூடு, வெளிய எவ்வளவு வெயில், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ. காலிப்பெட்டி திரும்பி வரும்போது இந்த வீட்டத் தாண்டித்தான வண்டி போவும்? அப்ப எல்லாத்தையும் ஒரே மூச்சுல ஒப்பிச்சிடும். வண்டி மட்டும் மெதுவா போவணும்."

"ஒங்க வாசல்லதான் வேகத்தட இருக்கே!"

சூப்பில் உப்புப் பார்த்துக்கொண்டிருந்த ஷர்லோத் சமையலறையிலிருந்து கேட்டார். "அந்த டிரைவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னா அவன் தொறப்பானா மதாம்?"

"எங்கிட்டயும் கேக்காமத்தான் வச்சா இவ" என்றார் ஷர்லோத். தெல்ஃபின் டேப்பை இன்னொரு சுற்று ஒட்டினாள்.

புரோகிராமை மாற்றி எழுத தெல்ஃபினுக்கு இரண்டு நாள் ஆனது. செவ்வாய்க்கிழமை நான்கு பெட்டிகளும் நான்கு போர்டுகளோடு போயின. புதன் காலை ஒன்பதரைக்கே அஞ்சுகம் கோவில்பத்து வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டாள். பத்தேகாலுக்கு, தெருவில் வண்டியே கண்ணுக்குத் தெரியாதபோது, திரையில் "2" என்று ஒன்று முளைத்தது. பிறகு 4. பிறகு 1. அஞ்சுகம் கேட்டுக்கு ஓடினாள். குட்டியானை வளைவில் திரும்பி, வேகத்தடையில் ஏறி இறங்கி, அவள் நிற்பதைப் பார்த்தும் பார்க்காமல் கடந்து போனது. "மூணாவதும் வந்துடுச்சு!" என்று உள்ளிருந்து தெல்ஃபின் கத்தினாள்.

எண்களைத் தெல்ஃபின் கோடுகளாக்கிக் காட்டினாள். கீழே மணி, பக்கத்தில் சூடு. படிக்க ஒன்றும் கஷ்டமில்லை. மூன்று கோடுகள் திரையின் அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தன. நான்காவது மட்டும் உயரத்திலிருந்து சாய்வாக இறங்கிக்கொண்டிருந்தது.

"தொறந்தா எப்புடி இருக்கும்?" என்றாள் அஞ்சுகம்.

"ஃபிரிட்ஜுல பாத்தீங்களே, அதே மாதிரி குத்தா ஏறும்."

அஞ்சுகம் விரலை வைத்து இரண்டு மணியிலிருந்து நாலரை வரை நான்காவது கோட்டின் மேல் நகர்த்தினாள். எங்கேயும் ஏறவில்லை. ஒரு இடத்தில்கூட இல்லை. இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. கும்பகோணம் சேரும்போதும் பதிமூன்று டிகிரியில்தான் நின்றது.

"ஒண்ணு கவனிச்சீங்களாக்கா? மத்த மூணும் பத்து, பத்தர, பதினொண்ணுக்கே சில்லுன்னு ஆயிடுது. இது ஒண்ணேகாலுக்குத்தான் எறங்கவே ஆரம்பிக்குது. இத எப்ப ஐஸ்ல வச்சீங்க?"

அஞ்சுகம் திரையிலிருந்து விரலை எடுத்தாள். தெல்ஃபினுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். நல்ல மீனை அவள் எப்போதும் கடைசியில்தான் வைப்பாள். நெடுநேரம் ஐஸில் கிடந்தால் மீனின் கண் வெளுத்துவிடும், கண் வெளுத்த மீனை வெளியூர்க்காரன் வாங்கமாட்டான் என்பது கரையில் எல்லோரும் சொல்வது. அதனால் வஞ்சிரத்தை ஈரச் சாக்குக்கு அடியில் பத்திரமாக மூடிவைத்து, சில்லறை மீனையெல்லாம் பெட்டியில் அடுக்கி முடித்து, சாப்பிட்டுவிட்டு வந்து, வண்டி கிளம்பும் நேரத்தில்தான் அதைத் தொடுவாள். மூன்று மணி நேரம், ஆனி மாத வெயிலில். எல்லாவற்றையும் எல்லோரிடமும் விசாரிக்கிறவள் இதை மட்டும் ஒருவரிடமும் கேட்டதில்லை.

"எல்லாம் ஒண்ணாத்தான் வச்சேன்" என்றாள். "மெஷினு தப்பா சொல்லுது போல."

கையோடு கொண்டுவந்த மீன் வாளியை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அன்று கரைக்குப் போய்ச் சேரும் வரையில், தெல்ஃபினிடம் பொய் சொன்னது ஒரு பக்கம், செல்லையன் திரும்பிப் பார்த்த பார்வை ஒரு பக்கம் என்று மாறி மாறி வந்தது. ஆனால் அதற்கெல்லாம் மேலே, அது நிஜம்தானா என்று பார்த்துவிட வேண்டும் என்ற துடிப்பு இருந்தது. வியாழக்கிழமை யாரிடமும் சொல்லாமல் வரிசையைப் புரட்டிப்போட்டாள். பத்து மணிக்கு முதல் மீனாக வஞ்சிரம் ஐஸுக்குள் போனது. சங்கராவில் ஒரு கூடையைச் சாக்குக்கு அடியில் போட்டுவைத்து ஒரு மணிக்கு மேல் மூன்றாவது பெட்டியில் அடைத்தாள்.

ஐந்தரைக்குப் போன் வந்தது.

"என்னம்மா இன்னைக்கு! வஞ்சிரம் கண்ணாடியாட்டம் இருக்கு. சங்கராதான் ஒரு பெட்டி தொவண்டு கெடக்கு."

"வஞ்சிரத்துக்குக் கண்ணு வெளுத்திருக்காங்க?"

"கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கு. கண்ண யாரும்மா பாக்குறா? துண்டம் போட்டுத்தான விக்கிறோம். கறி கெட்டியா இருக்கான்னு பாப்பாங்க."

பேசி முடித்த பிறகும் அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. அதோடு, சொல்லக் கூசினாலும், சந்தோஷமாகவும் இருந்தது. விளங்கிவிட்டது அல்லவா.

வெள்ளிக்கிழமை காலை தெல்ஃபினின் திரையில் நான்காவது கோடு படுத்துக்கிடந்தது, மூன்றாவது மலையிறங்கியது. தெல்ஃபின் கோட்டைப் பார்த்தாள், அஞ்சுகத்தைப் பார்த்தாள்.

"மெஷினு தப்பு சொல்லல தெல்பினம்மா. நான்தான் ஒங்ககிட்டத் தப்பு சொன்னேன்" என்று ஆரம்பித்து அஞ்சுகம் எல்லாவற்றையும் சொன்னாள். தெல்ஃபின் திட்டவில்லை. "என்கிட்ட சொல்லாமயே மாத்தி வச்சுப் பாத்தீங்களா? எங்க லேப்ல அதத்தான் செய்யச் சொல்லுவாங்க" என்றாள். அஞ்சுகத்துக்கு அது ஆறுதலாக இல்லை. கரையில் கத்தியதைக் கரையில்தான் திருப்பி எடுக்க வேண்டும்.

அன்று மத்தியானம் பெட்டி ஏற்றும் நேரத்தில், மற்ற பெண்கள் எல்லோரும் இருக்கும்போது, வண்டியின் பின்பக்கம் போய் நின்றாள்.

"செல்லையா, எல்லாரும் கேக்கத்தான் சொல்றேன். நீ என் மீன எடுக்கல. ஐஸ்ல வைக்காம வெயில்ல போட்டது நான். அன்னைக்கு ஒன்னப் பேசுனது அத்தனையும் தப்பு."

செல்லையன் கயிற்றை இறுக்கி முடித்துவிட்டுத் திரும்பினான். "இப்ப எப்புடித் தெரிஞ்சுது?"

அவள் டேப்பைப் பிரித்துப் போர்டைக் காட்டினாள். அவன் முகம் மாறியது.

"இத என் வண்டியில ஒளிச்சு வச்சு அனுப்புனீங்களா? திருடன வேவு பாக்குற மாதிரி?"

"ஆமா."

"கேட்டிருந்தா நானே வச்சிருப்பேனேக்கா" என்றான். அவன் திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அன்று அவளுடைய பெட்டியை ஏற்றாமல் போய்விடுவானோ என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏற்றினான். கேபினில் ஏறி உட்கார்ந்தவன், வண்டியைக் கிளப்பாமல் தலையை வெளியே நீட்டினான்.

"அதுல என்னென்ன தெரியும்?"

மறுநாள் காலை, அஞ்சுகம் வரச் சொல்லியிருந்தபடி, காலிப்பெட்டிகளோடு வந்தவன் வேகத்தடையில் ஏறி இறங்கி, முதல் தடவையாக வண்டியை அங்கேயே ஓரங்கட்டினான். செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலுக்குள் வந்தான். தெல்ஃபினும், கரையிலிருந்து வந்திருந்த அஞ்சுகமும் அவனுக்கு இடம் விட்டார்கள். மீனின் கோட்டுக்கு மேலே இன்னொரு கோடு நெளிந்துகொண்டிருந்தது. அது பெட்டிக்கு வெளியே இருந்த சூடு என்று தெல்ஃபின் சொன்னாள். அவன் குனிந்து மணியைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் அவனே சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

"இது கெளம்புனது. இங்க ஏறுது பாருங்க, இது எங்க ஊரு டீக்கட. வெயில்ல நிறுத்திட்டேன்."

"முப்பத்தஞ்சு நிமிஷமா ஒரு டீ?" என்றாள் அஞ்சுகம்.

"அது... கொஞ்சம் கண்ணசந்துட்டேன்." பின்னாலிருந்த ஷர்லோத் சத்தமாகச் சிரித்தார். செல்லையனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் விரல் இன்னும் நகர்ந்தது. "இங்க எறங்குதே, ஏன்? மூணே கால்... ஆங், ரெண்டு பக்கமும் புளியமரம். ஒரு மைலுக்கு நெழலு. அங்க நிறுத்துனா பெட்டி சூடாவாது போலருக்கே!"

தெல்ஃபின் அவனைப் பார்த்து, "நான் போற வரைக்கும் இது உங்க வண்டியில இருக்கலாமா?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும்மா. நான் தூங்குறத மட்டும் வண்டி மொதலாளிகிட்ட சொல்லாதீங்க."

இரண்டு வாரத்தில் டீக்கும் தூக்கத்துக்கும் அவன் புளியமர நிழலுக்கு மாறிவிட்டான். கரையில் வேறு நான்கு பெண்கள் நல்ல மீனை முதலில் ஐஸில் வைக்க ஆரம்பித்திருந்தார்கள். மற்றவர்கள் கண் வெளுத்துவிடும் என்று இன்னும் நம்பினார்கள். ஆடி பிறந்ததும் தெல்ஃபின் ஊருக்குக் கிளம்பினாள். ஃபிரிட்ஜில் இருந்த போர்டை இம்முறை அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் விட்டுப்போனாள். "இருந்துட்டுப் போவட்டும், எனக்கும் பேச்சுத்தொண வேணும்ல" என்றார் ஷர்லோத்.

தெல்ஃபின் கிளம்பிய மறுவாரம் ஒரு நாள் அஞ்சுகம் பெட்டிகளோடு தானும் குட்டியானையின் கேபினில் ஏறி உட்கார்ந்தாள். செல்லையன் ஆச்சரியமாகப் பார்த்தான்.

"எங்கக்கா?"

"கும்பகோணத்துக்குத்தான். பதினோரு வருஷமா மீன அனுப்புறேன், அது எங்க போவுதுன்னு ஒரு நாளும் பாத்ததில்ல. கோட்டுலதான் பாத்தேன்."

வழி முழுக்க அவள் வாய் மூடவில்லை. எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவார்கள், இந்த மேட்டில் எந்த கியர், எதிரே வரும் லாரியில் என்ன லோடு. சொல்லிச் சொல்லிச் செல்லையனுக்குத் தொண்டை வறண்டது. புளியமரங்களுக்கு அடியில் வண்டி நுழைந்தபோது அவள் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, நிழலின் குளிர்ச்சியை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள்.

நாலரைக்கு மார்க்கெட்டில் இறங்கினார்கள். போனில் இடி மாதிரி ஒலிக்கும் சுந்தரமூர்த்தி ஒல்லியாக, குள்ளமாக, பனியனோடு ஒரு பலகைக்குப் பின்னால் வஞ்சிரத்தைத் துண்டம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து யார் என்று கேட்பதற்குள் அஞ்சுகம் சேலையைச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"தலையிலேர்ந்து வெட்டாம ஏன் வாலுலேர்ந்து வெட்டுறீங்க?" என்று கேட்டாள்.